சட்டம் படிக்க மடிக்கணினி: திருகோணமலையிலிருந்து வாங்கப் போகிறவருக்கு

சட்டம் படிக்க இடம் கிடைத்துவிட்டது என்று யாராவது தொலைபேசியில் சொன்னால் அடுத்த கேள்வி எனக்கு முன்கூட்டியே தெரியும். "அண்ணா, எந்த லேப்டாப் வாங்கலாம்?" கடைசியாகக் கேட்டவள் மூதூரில் இருக்கும் என் சித்தியின் மகள். "பரீட்சையைப் பேனாவால் எழுதப் போகிறாயா, கணினியிலா?" என்று நான் திருப்பிக் கேட்டேன். மறுமுனையில் சிறிது நேரம் சத்தமே இல்லை. "அதை யாரும் சொல்லவில்லையே அண்ணா" என்றாள். சித்தப்பா அதற்குள் சட்டை மாற்றிக்கொண்டு, காசையும் எடுத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நின்றுவிட்டாராம். அவரை அன்று வீட்டில் உட்கார வைத்ததே நான் அந்தக் குடும்பத்துக்குச் செய்த பெரிய உதவி.

முதலில் பரீட்சையைப் பற்றி விசாரியுங்கள்

சட்டப் படிப்பில் எல்லாப் பரீட்சைகளும் ஒரே மாதிரி நடப்பதில்லை. கொழும்பு புதுக்கடையிலுள்ள இலங்கை சட்டக் கல்லூரியிலும், உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களின் சட்டப் படிப்புகளிலும் பெரும்பாலும் இன்னமும் கையால்தான் எழுத வேண்டியிருக்கிறது. அந்தப் பாதையில் போகிறவருக்கு மடிக்கணினி வாசிப்பதற்கும், ஒப்படைகளைத் தட்டச்சு செய்வதற்கும், இணைய விரிவுரைகளைக் கேட்பதற்கும் மட்டுமே. நடுத்தரமான, பாவித்த இயந்திரம் ஒன்றே தாராளமாகப் போதும். மிச்சக் காசைப் புத்தகத்துக்கு வையுங்கள். வருடம் முழுவதும் தட்டச்சு செய்துவிட்டு மண்டபத்தில் மூன்று மணிநேரம் பேனா பிடிக்கும்போது விரல் மரத்துப்போகும் என்பதையும் மறக்க வேண்டாம். வாரத்துக்கு ஒரு விடையையாவது தாளில் எழுதிப் பழகுங்கள்.

வேறு சில பரீட்சைகள் கணினியில் நடந்தாலும் உங்கள் கணினி அங்கே தேவைப்படாது. இங்கிலாந்தில் சொலிசிட்டராக விரும்புவோருக்கு 2021ஆம் ஆண்டு அறிமுகமான எஸ்கியூஈ பரீட்சை அப்படியானது. அதன் முதற்கட்டத்தில் இரண்டு வினாத்தாள்கள், ஒவ்வொன்றிலும் 180 பல்தேர்வு வினாக்கள். பியர்சன் வியூ என்ற பரீட்சை நடத்தும் நிறுவனத்தின் நிலையத்துக் கணினியில் அமர்ந்துதான் அவற்றைச் செய்ய வேண்டும். இதற்காக விலையுயர்ந்த மடிக்கணினி வாங்குகிறேன் என்று ஒரு தம்பி வந்தார். நிலையத்துக்குள் கைக்கடிகாரத்தைக்கூடக் கழற்றி வைக்கச் சொல்வார்கள், மடிக்கணினியை யார் உள்ளே விடப்போகிறார்கள்?

கவனமாக இருக்க வேண்டியவர்கள் மூன்றாவது வகையினர்: சொந்தக் கணினியிலேயே பரீட்சை எழுதுகிறவர்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் சட்டப் பட்டங்களை இங்கிருந்தபடி படிப்பவர்களும், முதுமாணி முடித்து அமெரிக்க மாநிலமொன்றில் சட்டத்தரணிப் பரீட்சைக்குப் போகிறவர்களும் இதில் வருவார்கள். இவர்களுக்கு மடிக்கணினிதான் வினாத்தாள், பேனா, மேசை எல்லாம். நடுவில் அது நின்றுபோனால் பேனாவைப் போல அடுத்தவரிடம் இரவல் வாங்க முடியாது.

உங்கள் நிறுவனத்துக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பரீட்சை எங்கே, எந்த மென்பொருளில், வினாத்தாள் முழுநேரமும் இணையத்தில் இருக்குமா அல்லது முன்கூட்டியே தரவிறக்க வேண்டுமா என்று கேளுங்கள். பதில் வரும்வரை கடைப்பக்கம் போக வேண்டாம்.

அந்த மென்பொருள் எதை ஏற்காது?

பரீட்சை மென்பொருளின் வேலையே கணினியைப் பூட்டிவைப்பதுதான். பரீட்சை திறந்திருக்கும்வரை வேறு பக்கம் திறக்காது, வேறு செயலி ஓடாது, வெளியிலிருந்து நகலெடுத்து ஒட்டவும் முடியாது. சேஃப் எக்ஸாம் பிரவுசர், ரெஸ்பொன்டஸ் லாக்டவுன் பிரவுசர், எக்ஸாம்ப்ளிஃபை என்பவை இந்த வகையில் பரவலாகக் கேள்விப்படும் பெயர்கள். மூன்றும் விண்டோஸிலும் அப்பிளின் மேக்கிலும் ஓடும். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் மூன்றுமே ஓடுவதில்லை. விலை குறைவென்று குரோம்புக் (விண்டோஸுக்குப் பதிலாகக் கூகுளின் இயங்குதளம் ஓடும் மடிக்கணினி) வாங்கும் எண்ணமிருந்தால் நிபந்தனைப் பக்கத்தை இரண்டு தடவை வாசியுங்கள். ரெஸ்பொன்டஸுக்குக் குரோம்புக் பதிப்பு இருக்கிறது, மற்ற இரண்டுக்கும் இல்லை. மேக்கில் மெய்நிகர் கணினி (கணினிக்குள் இன்னொரு கணினி போல ஓடும் மென்பொருள்) போட்டு அதற்குள் விண்டோஸை ஓட்டும் கெட்டித்தனமும் இங்கே பலிக்காது.

புதுக் கணினி வாங்குகிறவர்கள் இரண்டு இடங்களில் சறுக்குகிறார்கள். சில மலிவான மடிக்கணினிகள் விண்டோஸின் 'எஸ் மோட்' என்ற நிலையில் வரும். அதில் மைக்ரோசொஃப்ட் கடையிலுள்ள செயலிகளை மட்டுமே நிறுவலாம், பரீட்சை மென்பொருள் உள்ளேயே வராது. அந்த நிலையிலிருந்து இலவசமாக வெளியேறலாம் என்பதால் பயப்பட வேண்டியதில்லை, வாங்கிய அன்றே செய்துவிட்டால் சரி. இரண்டாவது சறுக்கலுக்கு அப்படி மருந்து கிடையாது. ஸ்னாப்டிராகன் புரொசசருடன் வரும் விண்டோஸ் கணினிகள் பற்றரி விஷயத்தில் அருமையானவை, ஆனால் அவற்றின் உட்கட்டமைப்பே வேறு. எல்லாப் பரீட்சை மென்பொருள்களும் அவற்றில் ஓடுவதில்லை. உங்களுடையது ஓடும் என்று எழுத்தில் பதில் கிடைத்தால் ஒழிய இன்டெல் அல்லது ஏஎம்டி புரொசசரோடு நில்லுங்கள்.

மேக் வாங்கலாமா என்ற கேள்வியும் வரும். மேக்புக் எயார் 2020இல் வந்த எம்1 சிப் முதலே விசிறி இல்லாமல் ஓடுகிறது, பற்றரியும் நிற்கும். படிப்புக்கு நல்ல இயந்திரம். ஆனால் திருகோணமலையில் அதன் திரை உடைந்தால் கொழும்புக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். கையில் காசும் கொழும்பில் தங்க வீடும் இருப்பவர் வாங்கட்டும்.

உள்ளே என்ன இருக்க வேண்டும்?

சட்ட மாணவருக்குக் கனமான கணினி தேவையில்லை. விளையாட்டுக்கென்று செய்த கிராஃபிக்ஸ் அட்டைக்குக் கொடுக்கும் காசு அப்படியே வீண், அதன் சூடும் எடையும் கூடுதல் தண்டனை. ரேம் 8 ஜிபிக்குக் குறையக் கூடாது, 16 ஜிபி கிடைத்தால் நான்கு வருடத்துக்குக் கவலையில்லை. எட்டுப் பத்துத் தீர்ப்புகளைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் கட்டுரையை எழுதிக்கொண்டு, சூமில் விரிவுரையும் ஓடினால் 4 ஜிபி மூச்சுத் திணறிவிடும்.

சேமிப்பகத்தில்தான் நானே ஏமாந்தேன். என் முதல் மடிக்கணினியின் பெட்டியில் புத்தம்புதிது, ஒரு வருட வாரண்டி, 64 ஜிபி என்று எழுதியிருந்தது. கைத்தொலைபேசியில் 64 ஜிபி நிறையத்தானே என்று நினைத்துவிட்டேன். உள்ளே இருந்தது இஎம்எம்சி என்ற மெதுவான வகை, கழற்றி மாற்றவும் முடியாது. விண்டோஸ் பாதியை விழுங்கியிருந்தது. இரண்டாவது பருவத்தில் விண்டோஸ் இற்றைப்படுத்தலுக்கு இடமில்லை என்று அடம்பிடித்தது. விற்றவரைக் கேட்டால் பெட்டியில் எழுதித்தானே இருக்கிறது என்றார், அது உண்மையும்கூட. ஆகவே 'எஸ்எஸ்டி' (சுழலும் பாகம் இல்லாத வேகமான சேமிப்பகம்) என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள், 256 ஜிபியாவது இருக்கட்டும். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள கணினி எவ்வளவு மலிவாக வந்தாலும், எஸ்எஸ்டி மாற்றும் செலவையும் சேர்த்தே விலையைக் கணக்குப் பாருங்கள்.

புரொசசரில் 'ஐ7' என்ற ஒட்டுச்சீட்டைப் பார்த்து மயங்குவது இன்னொரு வழக்கம். முக்கியம் அதன் தலைமுறை. ஐ5-7300 என்றால் ஏழாம் தலைமுறை, ஐ5-8350 எட்டாம் தலைமுறை, ஐ5-1145 பதினோராம் தலைமுறை. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 பொதுவாக இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறையாக ஏறும், ஏஎம்டி மடிக்கணினிகளில் பெரும்பாலும் ரைஸன் 3000 வரிசையிலிருந்து. அதனால்தான் ஏழாம் தலைமுறைக் கணினிகள் இப்போது மலிவாகக் கைமாறுகின்றன. நான்காம் தலைமுறை ஐ7ஐ விட எட்டாம் தலைமுறை ஐ5 உங்களுக்கு நூறு மடங்கு உதவும்.

விரலும் கண்ணும்

திரை 14 அங்குலம், 1920×1080 புள்ளிகள், பளபளக்காத மேற்பரப்பு என்று தேடுங்கள். இவற்றுள் பளபளக்காத மேற்பரப்பை விட்டுக்கொடுக்காதீர்கள். ஜன்னலுக்கு வெளியே கடல் மினுங்கும் ஊரில் கண்ணாடி போன்ற திரையில் தீர்ப்புக்குப் பதிலாக உங்கள் முகம்தான் தெரியும்.

விசைப்பலகையை எந்த விவரப்பட்டியலாலும் மதிப்பிட முடியாது. கடையில் நின்று ஒரு பந்தி முழுதாகத் தட்டச்சு செய்யுங்கள். கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை. பாவித்த திங்க்பேட், லாடிடியூட், எலைட்புக் போன்ற அலுவலக வரிசைக் கணினிகளை நான் சிபாரிசு செய்வதற்குப் பாதிக் காரணம் அவற்றின் விசைப்பலகைதான்.

தமிழில் விடை எழுதுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். நம் நாட்டுத் தட்டச்சு நிலையங்களிலும் அலுவலகங்களிலும் பாமினி எழுத்துரு இன்னும் உயிரோடு இருக்கிறது. பாமினியில் அடித்த ஒப்படை, அந்த எழுத்துரு இல்லாத விரிவுரையாளரின் கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும். எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாறிவிடுங்கள். விண்டோஸிலேயே தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் உள்ளன, தனிச் செயலி எதுவும் நிறுவ வேண்டியதில்லை. பூட்டும் மென்பொருள்கள் பின்னணியில் ஓடும் பிற செயலிகளை மூடிவிடக்கூடும் என்பதால், தரவிறக்கிய தட்டச்சுச் செயலியை நம்பிப் பரீட்சைக்குப் போவது ஆபத்து. மாதிரிப் பரீட்சையில் ஒரு வரியாவது தமிழில் அடித்துப் பாருங்கள்.

உப்பும் கச்சானும் குரங்கும்

இந்த ஊரில் கணினியைக் கொல்பவை வேறு. உட்துறைமுக வீதியிலோ திருக்கடலூரிலோ உப்புவெளியிலோ கடலைப் பார்த்த ஜன்னல் உள்ள வீடு என்றால், காற்றோடு வரும் உப்பு யூஎஸ்பி துளைகளிலும் சார்ஜர் முனையிலும் படிந்து ஈரத்தை இழுக்கும், கொஞ்சம் கொஞ்சமாக உலோகத்தை அரிக்கும். மேசையை ஜன்னலிலிருந்து தள்ளிப் போடுங்கள். வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்துப் பைக்குள் வையுங்கள். மாரியில் வாரக்கணக்கில் அலுமாரியில் பூட்டி வைக்காதீர்கள், தினமும் ஓடும் கணினியில் ஈரம் தங்குவது குறைவு.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பிரச்சினை சூடு. மெத்தையில் வைத்துப் படித்தால் காற்றுத்துளை அடைபட்டு விசிறி அலறும், புரொசசர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கடினமான பலகை ஒன்றை அடியில் வைத்தாலே போதும். வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் கணினியை விட்டுப் போகாதீர்கள், லித்தியம் பற்றரிக்குச் சூட்டைப் போல எதிரி வேறில்லை. வீட்டில் எப்போதும் சார்ஜரில் செருகியே வேலை செய்பவர், 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி கணினியில் இருந்தால் அதைப் போட்டு வைக்கலாம்.

மின்சாரத்தைப் பற்றி நம்மவருக்குச் சொல்லத் தேவையில்லை. 2022இன் நீண்ட மின்வெட்டுகள் நினைவிருக்கும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை மின் உபநிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுவதும் மின்சாரம் போனது என்று சொன்னார்களே, அதுவும் நினைவிருக்கும். எந்தப் பரீட்சை நிபந்தனைப் பக்கத்திலும் குரங்கைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. ஆகவே கணக்கை நீங்களே போட வேண்டும். 50 வாட்-மணி கொள்ளளவுள்ள பற்றரி, எழுதும் வேலையில் ஏறத்தாழ 8 வாட் இழுத்தால், ஆறு மணிநேரம் நிற்கும். கண்காணிப்புக்கான கமராவும் வைஃபையும் ஓடும்போது இது குறையும். பாவித்த கணினியின் பற்றரி பாதி தேய்ந்திருந்தால் மூன்று மணிநேரப் பரீட்சை இழுபறியாகிவிடும். யூஎஸ்பி-சி வழியாக மின்னேற்றும் கணினியாக இருந்தால், 65 வாட் தரும் பவர் பேங்க் ஒன்று இந்தப் பயத்தைப் போக்கும்.

பலர் மறப்பது ரவுட்டரை. மின்சாரம் போனால் மடிக்கணினி ஓடிக்கொண்டிருக்கும், வைஃபை செத்துவிடும். ரவுட்டருக்கென்றே கையடக்கமான சிறிய யூபிஎஸ் (மின்சாரம் போனாலும் சிறிது நேரம் ஓட்டும் பற்றரிப் பெட்டி) விற்கிறார்கள், உங்கள் ரவுட்டருக்குத் தேவையான வோல்ட் அளவைப் பார்த்து வாங்குங்கள். கூடவே வேறொரு நிறுவனத்தின் சிம்முடன் கைத்தொலைபேசியும் தயாராக இருக்கட்டும். எக்ஸாம்ப்ளிஃபை போல, வினாத்தாளை முன்கூட்டியே தரவிறக்கி இணையம் இல்லாமலே எழுதி, முடிவில் பதிவேற்றும் முறை உங்களுக்கு வாய்த்தால் கோணேசருக்கு ஒரு அர்ச்சனை செய்யலாம். ஒக்டோபர், நவம்பர் இடிமழையில் மட்டும் சார்ஜரையும் ரவுட்டரையும் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள்.

எங்கே வாங்குவது, எதைத் தட்டிப் பார்ப்பது?

கொழும்பில், பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கணினிக் கடைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. தெரிவும் பேரம் பேச இடமும் அங்கே அதிகம். திருகோணமலை நகரில் வாங்கினால் கொஞ்சம் கூடக் கொடுக்க நேரலாம். ஆனாலும் புதுக் கணினி என்றால் நான் ஊரிலேயே வாங்கச் சொல்வேன். பழுதானால் 260 கிலோமீற்றர் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு போய், வரிசையில் நின்று, கொடுத்துவிட்டு வந்து, மறுபடி எடுக்கப் போகும் செலவை யாரும் விலையில் சேர்ப்பதில்லை. கடைக்காரரிடம் நேராகக் கேளுங்கள்: "வாரண்டிக் காலத்தில் பழுதானால் நீங்கள் கொழும்புக்கு அனுப்புவீர்களா, நான் கொண்டுபோக வேண்டுமா?" பதிலைப் பற்றுச்சீட்டின் பின்பக்கம் எழுதி வாங்குங்கள். சிரித்துக்கொண்டே கேட்டால் எழுதித் தருவார்கள்.

பாவித்த கணினிக்கு அரை மணிநேரமாவது ஒதுக்குங்கள். வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்துவிட்டவைதான் பெரும்பாலும் வருகின்றன. அவற்றில் பழைய நிறுவனத்தின் கடவுச்சொல் பயோஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருளில்) பூட்டியிருந்தாலோ, விண்டோஸ் தொடங்கும்போது ஏதோ ஒரு நிறுவனத்தின் கணக்கைக் கேட்டாலோ வேண்டாம் என்று எழுந்துவிடுங்கள். நிர்வாகி உரிமை உங்களிடம் இல்லாத கணினியில் பரீட்சை மென்பொருளை நிறுவ முடியாது. பற்றரி அறிக்கையை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். விண்டோஸில் அதற்கு ஒரு கட்டளை உண்டு, தொழில் தெரிந்த கடைக்காரர் நொடியில் எடுத்துத் தருவார். செய்யும்போது இருந்த கொள்ளளவும் இப்போது நிரம்பும் கொள்ளளவும் அதில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் புதுப் பற்றரியின் விலையைக் கழித்துக் கேளுங்கள். கமராவையும் ஒலிவாங்கியையும் இயக்கிப் பாருங்கள். ஒவ்வொரு யூஎஸ்பி துளையிலும் பென்டிரைவைச் செருகிப் பாருங்கள், பச்சை பூத்திருந்தால் அந்தக் கணினி ஏற்கெனவே கடற்கரையில் குடியிருந்திருக்கிறது. சார்ஜர் சதுர முனையா உருண்டை முனையா என்று வீட்டுச் சுவரையும் பார்த்துக்கொண்டு போங்கள்.

வாங்கிய பிறகு

வேர்ட் வாங்கக் காசில்லை என்றால் லிப்ரேஆஃபிஸ் இலவசம். பல நிறுவனங்கள் மாணவர்களுக்கு மைக்ரோசொஃப்ட் 365ஐக் கொடுக்கின்றன, மாணவர் மின்னஞ்சல் கிடைத்ததும் அதைக் கேளுங்கள். திருட்டுப் பிரதி வேண்டாம். சட்டம் படிப்பவருக்கு அழகில்லை என்பது ஒரு பக்கம், அதோடு வரும் நச்சுநிரல் பரீட்சை அன்றுதான் தலைகாட்டும் என்பது மறுபக்கம்.

சான்றுக் கட்டளைச் சட்டம், தண்டனைச் சட்டக்கோவை, உங்களுக்குத் தேவையான தீர்ப்புகள் ஆகியவற்றைப் பிடிஎஃப் ஆக இறக்கிப் பாடவாரியாக அடுக்குங்கள். பழைய தீர்ப்புகள் பல வெறும் புகைப்படமாக ஸ்கேன் செய்யப்பட்டவை, அவற்றில் சொல் தேட முடியாது. படத்திலுள்ள எழுத்தை வாசிக்கும் எழுத்துணரி மென்பொருளில் ஒரு தடவை ஓட்டிவிட்டால் பிறகு தேடலாம். எல்லாவற்றுக்கும் ஒரு நகல் இணையத்திலும் இன்னொன்று பென்டிரைவிலும் இருக்கட்டும். மழை வெள்ளம் வரும் கரையில் இருப்பவருக்கு அது அலங்காரமில்லை.

பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மென்பொருளை நிறுவி மாதிரிப் பரீட்சையை முழுநேரமும் செய்யுங்கள், உண்மையான பரீட்சை நடக்கும் அதே நேரத்தில். லண்டனில் காலை 10 மணி என்றால் அங்கே கோடை நேரம் நடைமுறையிலிருக்கும்போது நமக்குப் பிற்பகல் 2.30, குளிர்கால நேரத்தில் 3.30. மே மாதத்துப் பிற்பகல் 2.30க்கு உங்கள் அறை எப்படி இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். விசிறிச் சத்தம், பக்கத்து வீட்டு வானொலி, கதவைத் தட்டும் உறவினர் எல்லாம் அந்த ஒத்திகையிலேயே தெரிந்துவிடட்டும். என் சித்தி மகளின் ஒத்திகையில் சித்தப்பா தேநீரோடு கமராவுக்குள் வந்துவிட்டார். உண்மையான பரீட்சை அன்று அவரை முற்றத்திலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள்.

பரீட்சைக்கு முதல் நாள் காலையில் விண்டோஸ் இற்றைப்படுத்தலை முடித்து, கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்து, பிறகு இற்றைப்படுத்தலை ஒரு வாரத்துக்கு இடைநிறுத்துங்கள். நச்சுநிரல் தடுப்பி பரீட்சை மென்பொருளை மறிக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். இரண்டாவது திரை இணைத்திருந்தால் கழற்றிவிடுங்கள். அடையாள அட்டையைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். எழுதி முடித்தபின் விடைகள் பதிவேறிவிட்டன என்ற செய்தி திரையில் வரும்வரை மூடியைச் சாத்தாதீர்கள். அந்தச் செய்தியைக் கைத்தொலைபேசியால் ஒரு படம் எடுத்துக்கொண்டு எழும்புங்கள்.